பெரியப்பாவின் பட்டாளத்துப் பெட்டி

பெரியப்பா இறந்து ஐந்து மாதம் கழித்து, மாடிப்படிக்கு அடியில் கிடந்த அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியை வெளியே இழுத்தேன். பெட்டி வந்தது. அதன் அடித்தகட்டில் உள்ளங்கை அளவு துண்டு மட்டும் வராமல் தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. தகடு கிழிந்த சத்தம் கேட்டுப் பெரியம்மா உள்ளேயிருந்து வந்தார். ஓட்டையைப் பார்த்தார், மூடியைத் துடைத்துப் பார்த்தார். "எதை வேணும்னாலும் மாத்திக்க. மேல இருக்கிற எழுத்து மட்டும் போயிடக் கூடாது" என்றார்.

மூடியில் வெள்ளை பெயிண்டில், ஆங்கிலத்தில், நம்பர், ரேங்க், பெயர். பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் வீடுகளில் எல்லாம் இப்படி ஒரு பெட்டி இருக்கும். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் லீவில் வரும்போது ரயிலடியில் இறக்கி வைத்திருக்கும் பத்துப் பதினைந்து கறுப்புப் பெட்டிகளில் எது தன் வீட்டுப் பெட்டி என்பதை எழுத்தின் சாயலை வைத்தே தூரத்திலிருந்து சொல்லிவிடுவாராம். அந்த எழுத்துக்காகத்தான் இந்த வேலை மூன்று வாரம் இழுத்தது. இல்லாவிட்டால் மொத்தமாகச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, இரண்டே நாளில் முடித்திருக்கலாம்.

பெரியப்பா 1963-இல், பத்தொன்பது வயதில், மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில் சேர்ந்தார். முந்தைய ஆண்டு சீனப் போர் முடிந்து, படையைப் பெருக்க ஆள் எடுத்துக்கொண்டிருந்த சமயம். மெட்ராஸ் சாப்பர்கள் என்றால்தான் பலருக்குத் தெரியும். 1780-இல் மெட்ராஸ் பயனியர்ஸ் என்று தொடங்கிய படை அது. இன்று தலைமையிடம் பெங்களூரு, அல்சூர் ஏரியை ஒட்டி. மற்ற படைக்காரர்கள் இவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பர் என்றால் துப்பாக்கியோடு ஒரு கைத்தொழிலும் உண்டு. பெரியப்பாவின் டிரேடு கொத்து வேலை. 1980-இல் ஹவில்தாராக வெளியே வந்தார். வந்த மறு மாதமே மேஸ்திரி. அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் வீடு கட்டினார்.

பெட்டியைக் காலி செய்தபோது உள்ளே இருந்தவை: இரண்டு கரணை, பூச்சைத் தேய்க்கும் மணியாசுக் கட்டை ஒன்று, மரத்தில் செய்த ரசமட்டம், மூலைமட்டம், தூக்குக்குண்டு, மூன்று நூல்கண்டு, கையில் பிடிக்க முடியாத அளவு தேய்ந்த பென்சில்கள். ஒரு பிளாஸ்டிக் உறையில், படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகம். பட்டாளத்துப் பெட்டிக்குள் பட்டாளத்தைச் சேர்ந்தது அந்தப் புத்தகம் ஒன்றுதான்.

அடியில் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த தூசி ஒரு விரற்கடை உயரத்துக்குப் படிந்து இறுகியிருந்தது. தகடு அரித்ததற்கு அதுவே காரணம் என்று முதலில் நினைத்தேன். பாதி சரி. சிமெண்டும் சுண்ணாம்பும் புதிதாக இருக்கும்போது கடும் காரம். காரத்துக்குள் இருக்கும் இரும்பு துருப்பிடிக்காது. கான்கிரீட்டுக்குள் கம்பி பல காலம் கெடாமல் இருப்பது அதனால்தான். ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு அந்தக் காரத்தை வருடக்கணக்கில் மெல்லத் தின்றுவிடும். காரம் போனபின் அந்தத் தூசி ஈரத்தைப் பிடித்து வைக்கும் வெறும் பஞ்சுதான். தளம் பெயர்ந்து கம்பி தெரிகிற வீடுகளைப் பார்க்கப் போனால் பெரியப்பா இதைத்தான் சொல்வார். "துரு இரும்பைவிடப் பெருசு. உள்ள உக்காந்துகிட்டு வெளிய தள்ளுது." பெட்டியின் அடித்தகடு உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்திருந்ததைப் பார்த்தபோது அவர் விரலை மடக்கித் தள்ளிக் காட்டுவது கண்முன் வந்தது.

தூசியை மர ஆப்பு வைத்துப் பெயர்த்தேன். உளி வேண்டாம், மிச்சமிருக்கும் தகடும் போய்விடும். சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்தேன். தளர்ந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். ஒரு எச்சரிக்கை: இந்த வயதுள்ள பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்தபடி தேய்க்கவே கூடாது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, தேய்த்த சேற்றைப் பழைய துணியில் துடைத்துத் தனியே கட்டி வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

மூடியில் கை வைக்கும் எண்ணமே எனக்கு இல்லை. ரேங்க் எழுதியிருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் கொப்புளம் விட்டிருந்தது. அதை விட்டால் அடியில் துரு பரவும். 400-ஆம் நம்பர் தாளை நனைத்து, ஒரு விரலால் மட்டும் தேய்த்தேன். ஹவில்தார் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் மங்கி, கீழே கறுப்பு வந்தது. அந்தக் கறுப்புக்குள் வெள்ளையாக ஏதோ கோடு. இன்னும் நாலு தேய் தேய்த்தேன். நாயக் என்பதன் எழுத்து. பதவி உயர்வு வந்தபோதெல்லாம் பழையதன்மேல் கறுப்பை அடித்து, புதியதை எழுதியிருக்கிறார். எழுத்தை முழுசாகச் சுரண்டாமல், கொப்புளம் இருந்த ஓரத்தைச் சாய்வாக மட்டும் தேய்த்துக்கொண்டே போனேன். மரத்தை அறுத்தால் வளையம் தெரிவதுபோல வரிசையாக வந்தது: ஹவில்தார், நாயக், லான்ஸ் நாயக், எல்லாவற்றுக்கும் அடியில் சாப்பர். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் தேதிகள் இருந்தன. 1963, 1968, 1972, 1976. உள்ளங்கையில் பாதி இடத்தில் பதினேழு வருடம்.

அங்கேயே நிறுத்திவிட்டுப் பெரியம்மாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியை எடுத்து வந்து போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கடைசி அடுக்கில், சாப்பர் என்பதன் முதல் எழுத்தின் வளைவில் விரலை வைத்தார். "இது எங்க கல்யாணத்துக்கு வந்தப்போ இருந்தது" என்றார்.

சரி, மூடியில் இனி பெயிண்ட் கிடையாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆனால் துருவை நிறுத்தியாக வேண்டும். பெயிண்ட் இல்லாமல் எப்படி?

பதில் பெரியப்பாவின் தொழிலிலேயே இருந்தது. பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்புக் காரை அரைக்கும்போது கடுக்காயை நசுக்கி ஊற வைத்து, வெல்லம் சேர்த்துப் புளிக்க வைத்த தண்ணீரைத்தான் ஊற்றுவார். அந்தக் கடுக்காய்த் தோல் துவர்ப்பது டானின் இருப்பதால். டானின் துருவோடு சேர்ந்தால் நீலம் கலந்த கறுப்பாகக் கெட்டிப்பட்டு ஒட்டிக்கொள்ளும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். அருங்காட்சியகங்களில் பழைய இரும்புப் பொருள்களுக்கு டானிக் அமிலத்தைப் பூசுவதும் இதற்காகவே. துருவை எடுத்து எறிவதற்குப் பதிலாக, அதையே ஒரு மேல்தோலாக மாற்றிவிடுகிறோம்.

முதல் காய்ச்சல் வீணாய்ப் போனது. கைக்குக் கிடைத்த இரும்புக் கடாயில் வைத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் கஷாயம் முழுக்க மையாகிவிட்டது. டானின் எல்லாம் கடாயின் இரும்போடு சேர்ந்துவிட்டால் பெட்டிக்கு என்ன மிஞ்சும்? இரண்டாம் முறை எவர்சில்வர் பாத்திரம். கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோல் 150 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர், சிறு தீயில் பாதியாகச் சுண்டும்வரை. ஆறவிட்டு, மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டினேன். நல்ல தேயிலைத் தண்ணீர் நிறம் வர வேண்டும்.

பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூசினேன். செம்பழுப்பாக இருந்த இடம் கண்ணெதிரே கருத்தது. முதலில் ஊதா மாதிரி, அப்புறம் பழுத்த நாவல்பழ நிறம், காய்ந்தபின் கறுப்பு. கீல் ஓரத்தில் மட்டும் பிடிக்கவே இல்லை, முத்து முத்தாக உருண்டு ஓடியது. இறுகிப்போன கீல்கம்பியைத் தளர்த்த முந்தின நாள் நானே விட்ட எண்ணெய் அது. தின்னரால் துடைத்துவிட்டு மறுபடி பூசியதும் பிடித்தது. ஒரு நாள் இடைவெளி விட்டு மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஈரத்துணியால் மேலோட்டமாகத் துடைத்தேன். வெள்ளை எழுத்தின் மேல் கஷாயக் கறை படியாமல் இருக்க, சின்ன பிரஷ்ஷால் எழுத்தைச் சுற்றியே போனேன். இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று.

இந்தக் கறுப்புத் தோல் தனியாக மழைக்கும் ஈரத்துக்கும் தாங்காது. மேலே ஒரு காப்பு வேண்டும். மூடிக்குத் தேன்மெழுகை டர்பென்டைனில் கரைத்துத் தேய்த்தேன். மெழுகை வெந்நீருக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்கி, அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தள்ளிக் கொண்டுபோன பிறகுதான் டர்பென்டைனை ஊற்ற வேண்டும். அது சட்டென்று தீப்பிடிக்கும். பெட்டியின் உள்பக்கத்துக்கு ரெட் ஆக்ஸைடு இரண்டு கோட், பக்கவாட்டுக்கு அதன்மேல் கறுப்பு எனாமல்.

அடி ஓட்டைக்கு வெல்டிங் வைக்கலாம் என்று ஒரு பட்டறையில் கேட்டேன். இவ்வளவு மெலிந்த தகட்டில் ஆர்க் வைத்தால் ஓட்டை இன்னும் பெரிதாகும் என்று உள்ளதைச் சொல்லி அனுப்பினார்கள். எனவே நல்ல தகடு வரும்வரை ஓரத்தை வெட்டி, உள்பக்கம் புதுத் தகடு வைத்து ரிவெட் அடித்தேன். ரிவெட்டும் இரும்பாகவே இருக்கட்டும். சுலபமாகக் கிடைப்பது அலுமினியம், ஆனால் ஈரத்தில் இரும்போடு சேர்ந்தால் அலுமினியம் சீக்கிரம் அரித்துப்போகும். தரையில் நேரடியாக உட்காராமல் இருக்க இரண்டு மரச்சட்டம் திருக நினைத்து, துளை போடக் குறிக்கப் போனால், அந்த இடத்தில் ஏற்கெனவே நான்கு துளை. பெரியப்பாவும் ஒரு காலத்தில் சட்டம் வைத்திருக்கிறார். எப்போதோ கழன்று போயிருக்கிறது. முதுகு வளைய முடியாத வயதில் மறுபடி மாட்டாமல் விட்டிருப்பார். அதே துளையிலேயே திருகினேன்.

அடுத்தது கருவிகள். கரணைகளுக்கு எண்ணெய் துடைத்ததோடு சரி. ரசமட்டத்தைச் சோதிப்பது எளிது: மேசையில் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பார்த்து, முனையை மாற்றித் திருப்பி அதே இடத்தில் வைக்க வேண்டும். இரண்டு முறையும் குமிழி ஒரே பக்கம், ஒரே அளவு நின்றால் மேசைதான் சாய்வு. குமிழி பக்கம் மாறினால் மட்டத்தில் பிழை. இதில் பிழை இருந்தது. கண்ணாடிக் குழலின் ஒரு முனைக்கு அடியில் ஒரு மடிப்புக் காகிதம் வைத்துத் திருகியதும் சரியாயிற்று.

தூக்குக்குண்டில்தான் பெரிய தவறு செய்யப் பார்த்தேன். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பித்தளைக் குண்டு, நூல், நூல் கோத்த சதுர மரக்கட்டை. கட்டையைச் சுவரில் ஒட்டிப் பிடித்தால் குண்டு கீழே தொங்கும். சுவர் நேராக இருந்தால் குண்டு சுவரை உரசியும் உரசாமலும் நிற்கும். இதற்கு ஒரே நிபந்தனை, கட்டையின் துளையிலிருந்து விளிம்புவரை உள்ள தூரமும் குண்டின் ஆரமும் ஒன்றாக இருக்க வேண்டும். வெர்னியரில் அளந்தேன். குண்டின் ஆரம் 20.6 மில்லிமீட்டர். கட்டையின் ஒரு பக்கம் 19.9, அடுத்தது 20.1, அடுத்தது 20. தேய்ந்துவிட்டது, இதைத் தூக்கிப்போட்டுவிட்டுத் தேக்கில் புதிதாகச் செய்துவிடலாம் என்று கட்டையும் அறுத்து வைத்துவிட்டேன்.

அன்று மாலை பெரியப்பாவிடம் சித்தாளாகச் சேர்ந்து, கரணை பிடிக்கக் கற்று, இன்று தானே மேஸ்திரியாக இருக்கும் அண்ணன் பெட்டியைப் பார்க்க வந்தார். புதுக்கட்டையைப் பார்த்ததும் முகம் மாறியது. "பழசை எங்க தம்பி போட்டீங்க?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். நான்காவது பக்கத்தைத் திருப்பினார். அந்த விளிம்பில் ஆணி முனையால் குத்திய மூன்று புள்ளிகள். "இந்தப் பக்கம் அளந்தீங்களா?"

அளக்கவில்லை. மூன்று பக்கம் தேய்ந்திருந்ததால் நான்காவதும் அப்படித்தான் என்று எண்ணிவிட்டேன். அளந்தேன். 20.6.

நாள் முழுக்க வரிக்கு வரி பிடித்துப் பார்க்க மற்ற மூன்று பக்கங்கள். அதை யாரும் எடுத்துப் பிடிக்கலாம். சுவர் முடிந்தபின் கடைசியாக ஒருமுறை பார்ப்பதற்கு மட்டும் புள்ளி வைத்த பக்கம். அதைப் பெரியப்பா ஒருவர்தான் பிடிப்பாராம். முப்பது வருட வேலையில் அந்த விளிம்பு தேயவே இல்லை. நான் அறுத்த தேக்குத்துண்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று புரிந்தது. பெரியப்பாவின் பட்டாளக் கதை எங்களுக்குத் தெரிந்ததைவிட அவரோடு வேலை செய்தவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். வீட்டில் அவர் பேச மாட்டார். வேலைத்தளத்தில், வேலையைச் சொல்லித் தரும்போது, வாயிலிருந்து வந்துவிடும்.

1971 டிசம்பரில், பாகிஸ்தான் போரின்போது, அவர் மேற்கு எல்லையில் பசந்தர் ஆற்றுப் பக்கம் இருந்தார். டாங்கிகள் போவதற்குக் கண்ணிவெடி வயலில் பாதை திறப்பது சாப்பர்கள் வேலை. தரையில் படுத்து, கம்பியைச் செங்குத்தாகக் குத்தாமல் சாய்வாக, மெல்ல மண்ணுக்குள் செலுத்த வேண்டும். சாய்வாகப் போனால் வெடியின் பக்கவாட்டில் படும். நேராகக் குத்தினால் அதன் தலையில் அழுத்திவிடும். பார்த்து முடித்த பாதைக்கு இரு பக்கமும் வெள்ளை நாடா. பூச்சு வேலை முடிந்த சுவரை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே போவது அவர் பழக்கம். உள்ளே காற்றுப் பிடித்திருந்தால் சத்தம் மாறும். அண்ணன் அவசரமாகத் தட்டிக்கொண்டு போனபோது, "கை அவசரப்பட்டா காது கேக்காது தம்பி. நான் கத்துக்கிட்ட இடத்துல ரெண்டாவது வாய்ப்பு இல்ல" என்றாராம். அஸ்திவாரத்துக்கு நூல் கட்டிவிட்டால் அந்த நூலை யாரும் தாண்டக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். அது ஏன் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது என்றார் அண்ணன்.

சுபேதார் சுப்பிரமணியன் பெயரையும் அங்கேதான் சொல்லியிருக்கிறார். மெட்ராஸ் சாப்பர்களில் ஒருவர், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே, வெடிக்கப்போன கண்ணிவெடிமேல் தன் உடலைப் போட்டு, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தவர். இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது அவருக்கு வழங்கப்பட்டது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு பையனுக்கும், சாரம் ஏறும் முதல் நாளில், பெரியப்பா இந்தப் பெயரைச் சொல்வாராம். கீழே நிற்பவன் உயிர் மேலே நிற்பவன் கையில் இருக்கிறது என்பதைச் சொல்ல அவருக்கு வேறு கதை தேவைப்படவில்லை.

பெய்லி பாலத்தைப் பற்றி எனக்கே சொல்லியிருக்கிறார். இரும்புப் பேனல்களைக் கோத்துப் படைக்காரர்கள் விரைவாக அமைக்கும் பாலம் அது. ஒரு பேனல் பத்தடி நீளம், ஏறக்குறைய 260 கிலோ. கிரேன் கிடையாது, ஆறு பேர் தூக்க வேண்டும். ஒருவன் அரை நொடி முந்தினாலும் இன்னொருவன் இடுப்பு போய்விடும். அதனால் ஒரே குரல், ஒரே மூச்சு. இங்கே வந்தபின் லிண்டல் தூக்கும்போதும், உத்திரம் ஏற்றும்போதும் அதே ஹிந்திக் கட்டளைதான். ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாத சித்தாள்கள்கூட அந்த மூன்று சொல்லுக்குப் பழகியிருந்தார்கள்.

பெட்டி காய்ந்து முடிந்த நாளில், கருவிகளை அண்ணனே எடுத்துக்கொள்ளட்டும் என்றார் பெரியம்மா. பெட்டி? "கருவி எங்க இருக்கோ அங்கதான் பெட்டியும் இருக்கணும். ஊர்ல இருக்கிறப்பவெல்லாம் அது வேலைக்குத்தான போச்சு." எழுத்து போகக் கூடாது என்று சொன்னவரே இப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூடிமேல் சாந்து விழுந்தால் உடனே ஈரத்துணியால் துடைக்க வேண்டும், வருடம் ஒருமுறை மெழுகு தேய்க்க வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் காதில் வாங்கிக்கொண்டே தூக்குக்குண்டை எடுத்தார்.

நாங்கள் இருந்தது பெரியப்பா தனக்காக 1983-இல் கட்டிய வீடு. கூடத்து மூலையில், கூரையிலிருந்து ஒரு சாண் கீழே, புள்ளி வைத்த பக்கத்தைச் சுவரில் வைத்துப் பிடித்தார். நூல் ஆடியது. பெரியம்மாவும் நானும் குனிந்து குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆட்டம் சுருங்கிச் சுருங்கி நின்றது. குண்டுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு காகிதம் போகும்.

அண்ணன் நூலைக் கட்டையில் சுற்றி உள்ளே வைத்தார். டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பெரியம்மா எடுத்துக்கொண்டார். மூடியைச் சாத்தி, ஒரு பக்கக் கைப்பிடியை அண்ணன் பிடித்தார், மறுபக்கத்தை நான் பிடித்தேன். நான் தூக்கப் போனேன். "பொறுங்க தம்பி" என்று நிறுத்தி, என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்:

"ஏக்... தோ... உடாவ்."